ஊராட்சி நகராட்சியோடு சேர்ந்தால் பட்டா செல்லாமல் போகுமா?

கேள்வி: எங்கள் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு இணைக்கப்போகிறார்கள், அறிவிப்பும் வந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு நத்தத்தில் ஓட்டு வீடும் ஒன்றேகால் ஏக்கர் புஞ்சையும் இருக்கின்றன. மனைவி நூறு நாள் வேலைக்குப் போகிறார். "இணைப்பு முடிந்தால் பஞ்சாயத்துப் பட்டா செல்லாது. அதற்குள் நகராட்சிப் பட்டாவாக மாற்ற வேண்டும், 18,000 ரூபாய் ஆகும். புஞ்சையையும் பழைய தேதியில் மனை போட்டுத் தலைவர் கையெழுத்து வாங்கித் தருகிறேன்" என்கிறார் தெரிந்த தரகர் ஒருவர். பணத்தைக் கொடுக்கலாமா? இணைப்பைத் தடுக்க வழி உண்டா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் மற்றக் கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன், முதலில் இதை முடித்துவிடுவோம்.

பஞ்சாயத்துப் பட்டா, நகராட்சிப் பட்டா என்று இரண்டு சாதி கிடையாது. பட்டா வருவாய்த்துறையின் ஆவணம். அது கிராம நிர்வாக அலுவலர், தாலுகா அலுவலகம், வட்டாட்சியர் என்ற வரிசையில் இருக்கிறது. தெருவிளக்கு, குடிநீர், குப்பை, வீட்டு வரி இவையெல்லாம் உள்ளாட்சியின் வேலை. ஊராட்சி நகராட்சியாவதால் மாறுவது இந்த இரண்டாவது வரிசை மட்டும்தான். உங்கள் பட்டாவில் ஓர் எழுத்துகூட மாறாது. பல ஆண்டு கழித்து நகர நில அளவை நடந்தால் புல எண்ணுக்குப் பதிலாக வேறு எண் வரலாம். அதையும் அரசே அளந்து அரசே எழுதும். அதற்கும் தரகருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அந்த 18,000 ரூபாய்க்கு எந்த அலுவலகத்தின் ரசீது கிடைக்கும் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பழைய தேதிக் கையெழுத்து இன்னும் மோசம். ஏமாற்றத்தோடு நிற்காது, உங்களைக் குற்றவாளியாக்கும். ஒரு மனைப்பிரிவுக்குத் தானாக ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று நோட்டீஸ் அடித்து விற்ற மனைகளை வாங்கியவர்கள் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவை நிறுத்தியது. பிறகு 2017-இல், அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. அதுவும் 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்குள் பத்திரமான மனைகளுக்குத்தான். இன்றைக்கு ஒரு புஞ்சையைத் துண்டு போட்டுவிட்டுப் பத்து வருஷத்துக்கு முந்தைய தேதியை எழுதினால், வில்லங்கச் சான்றே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துபோனது. பதவி போனாலும் ரப்பர் ஸ்டாம்பு வீட்டிலேயே இருக்கிறது, அதுதான் தரகர்களின் மூலதனம்.

சரி, உண்மையில் எவை மாறும்?

வரி மாறும். ஊராட்சியில் வருஷத்துக்கு ஒருமுறை கட்டிய சிறு தொகை, நகராட்சியில் அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரியாகும். காலிமனைக்கும் வரி உண்டு. 2022-இல் நகர்ப்புறச் சொத்து வரியைச் சீரமைத்தபோது, சென்னைக்கு வெளியே 600 சதுர அடிக்குள் இருந்த வீடுகளுக்கு 25 சதவீதமும் 1,800 சதுர அடியைத் தாண்டியவற்றுக்கு 100 சதவீதமும் உயர்த்தினார்கள். ஆண்டுதோறும் 6 சதவீதம் ஏற்றும் ஏற்பாடும் அதற்குப் பின்னால் வந்துவிட்டது. ஆகவே அளவெடுக்க ஆள் வரும்போது வீட்டில் இருங்கள். கூரைக்கு வெளியே உள்ள வாசலையும் மாட்டுத் தொழுவத்தையும் சேர்த்து எழுதிவிட்டுப் போனால், அதைத் திருத்த ஆறு மாதம் நடக்க வேண்டும். பழைய வீட்டு வரி ரசீதுகளைத் தூக்கிப்போடாதீர்கள். நத்தத்து வீட்டுக்கு அவைதான் அனுபவ ஆதாரம்.

நூறு நாள் வேலை போகும். திட்டத்தின் பெயர் என்னவாக மாறினாலும் அது ஊரகப் பகுதிக்கான சட்டம். நகராட்சி எல்லைக்குள் வந்த பிறகு உங்கள் மனைவியின் வேலை அட்டைக்கு அங்கே இடமில்லை. நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்றைத் தமிழ்நாட்டில் 2021-22-இல் சோதனையாகத் தொடங்கினார்கள். அதை நம்பிக் குடும்பக் கணக்குப் போட வேண்டாம். குடிசைகளுக்கு மூன்றரை லட்சம் ரூபாயில் வீடு கட்டித்தரும் கலைஞரின் கனவு இல்லமும் ஊரகத் திட்டம்தான். உங்கள் தெருவில் குடிசைக்காரர்கள் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்.

அடுத்தது ஒருவரும் வாயைத் திறக்காத விஷயம், உங்கள் புஞ்சை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இதில் தப்பினால் லட்சக்கணக்கில் போகும்.

ஊரகத்தில் உள்ள விவசாய நிலத்தை விற்றால் வரும் லாபத்துக்கு வருமான வரியில் மூலதன ஆதாய வரி கிடையாது. 10,000 பேர் அல்லது அதற்கு மேல் மக்கள்தொகை உள்ள நகராட்சியின் எல்லைக்குள் அந்த நிலம் வந்துவிட்டால் இந்தச் சலுகை போய்விடும். நீங்கள் அதில் கம்பு விதைத்துக்கொண்டிருந்தாலும் சரி, அடங்கல் என்கிற சாகுபடிக் கணக்கில் புஞ்சை என்று இருந்தாலும் சரி. ஆனால் இணைப்புக்கு முன்பே விற்றுவிட்டால் தப்பிக்கலாம் என்று அவசரப்படாதீர்கள், அங்கேதான் சிக்கல். எல்லைக்கு வெளியே இருந்தாலும் தூரக் கணக்கு உண்டு. நகராட்சியின் மக்கள்தொகை 10,000-க்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர், அதற்கும் மேல் என்றால் 8 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குள் இருக்கும் நிலத்துக்கு இப்போதே சலுகை இல்லை. தூரத்தைச் சாலை வழியாக அளக்கக் கூடாது, காக்கை பறக்கும் நேர்கோட்டில் அளக்க வேண்டும். உங்கள் ஊரிலிருந்து டவுனுக்குப் பஸ்ஸில் 4 கிலோமீட்டர் என்றால், ஏரியைத் தாண்டி நேராக 2 கிலோமீட்டருக்குள் இருக்கலாம். மக்கள்தொகை என்பது உங்கள் ஊரின் தலைக்கணக்கு அல்ல, நகராட்சியின் தலைக்கணக்கு. கடைசியாக வெளியான மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான் எடுப்பார்கள். 2011 கணக்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கூத்தை என்னவென்று சொல்வது!

ஆக, நகராட்சியை ஒட்டிய ஊர் என்று நீங்களே எழுதியிருப்பதால், உங்கள் நிலத்துக்கு அந்தச் சலுகை ஏற்கெனவே போயிருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் இணைப்புக்குப் பயந்து அடிமாட்டு விலைக்கு விற்பதில் ஒரு பைசா லாபமில்லை. விற்றே தீர வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. விற்பதற்கு முந்தைய இரண்டு வருஷம் நீங்களோ உங்கள் பெற்றோரோ அதில் விவசாயம் செய்திருந்து, விற்ற இரண்டு வருஷத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால், அந்த அளவுக்கு வரி தள்ளுபடியாகும். இதைத் தரகரிடம் கேட்காதீர்கள். ஒரு ஆடிட்டருக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கேளுங்கள், அது செலவு அல்ல.

தடுக்க முடியுமா என்றால், முடிவு அரசின் கையில்தான். அரசியல் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. மக்கள்தொகை, நெருக்கம், வருவாய், விவசாயம் அல்லாத தொழிலில் இருப்போரின் விகிதம் இவற்றைப் பார்த்து அறிவிக்கலாம். கிராம சபைத் தீர்மானத்துக்கு எடை உண்டு, ஆனால் அரசைக் கட்டுப்படுத்தாது. 2024 கடைசியில் 16 மாநகராட்சிகளோடு மட்டும் 149 ஊராட்சிகளை இணைக்க ஆணை வந்தது. அடுத்த வாரமே முக்கால்வாசி மாநிலத்தில் ஊராட்சித் தலைவர் என்று ஒருவரும் இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்தான் எல்லாம். அவரையே மேலதிகாரி "உங்கள் ஊராட்சியின் கருத்து என்ன" என்று கேட்பார், அவர் "ஆட்சேபம் இல்லை" என்று எழுதுவார். கேட்பவரும் அரசு, சொல்பவரும் அரசு.

மக்களுக்கு நிஜமான இழப்பு இன்னொன்று, அதைத்தான் மனுவில் எழுத வேண்டும். ஊராட்சியில் தலைவருக்கு நீங்களே நேரடியாக ஓட்டுப் போடுகிறீர்கள். வருஷத்தில் ஆறு நாள் கிராம சபையில் எழுந்து நின்று வரவு செலவு கேட்கலாம். நகராட்சியில் கவுன்சிலருக்கு மட்டும்தான் ஓட்டு, தலைவரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள். கிராம சபைக்குப் பதிலாகப் பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது, அதன் எடை எவ்வளவு என்று அதில் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முப்பது முப்பத்தைந்து வார்டுகளில் உங்கள் ஊர் ஒன்றோ இரண்டோ.

ஆகவே அறிவிப்பு நகலை முதலில் கையில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் வேண்டாம், அரசிதழ் நகல். ஆட்சேபத்துக்கான கெடுவும் அனுப்ப வேண்டிய முகவரியும் அதிலேயே இருக்கும். "பொதுமக்கள்" என்று நூறு பேர் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால் ஒரு மனுவாகத்தான் எண்ணுவார்கள், அதனால் வீட்டுக்கு ஒன்று தனித்தனியாக எழுதுங்கள். "எதிர்க்கிறோம்" என்று மட்டும் எழுதாமல், ஊரில் எத்தனை வேலை அட்டை, எத்தனை ஏக்கர் சாகுபடி, குடிநீர் எங்கிருந்து வருகிறது, நகராட்சி அலுவலகம் எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணோடு எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் அன்றைக்கே தபாலில், ஒப்புகையோடு அனுப்பிவிடுங்கள்.