பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டில் கூட வருகிறவர்களை எப்படிச் சமாளிப்பது? எல்லாரையும் மாற்றி மாற்றி அழைத்துப்போக வேண்டுமா?

இதுதான் உங்கள் முதல் ஆட்டம், குழு தங்கும் கேம்ப்பில் நாலைந்து பேர் தலைக்கு மேல் ஆச்சரியக்குறியோடு நிற்கிறார்கள், யாரைக் கூப்பிடுவது என்று விழிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

மாற்றி மாற்றி அழைத்துப்போகக் கட்டாயம் இல்லை. வெளியே கிளம்பும் பார்ட்டியில் உங்களோடு சேர்த்து 4 பேர்தான். கேம்ப்பில் இருப்பவருக்கும் அதே அனுபவப் புள்ளி ஏறும். 12ஆம் லெவல்தான் உச்சம், அதுவரை யாரும் பின்தங்க மாட்டார்கள். பெரும்பாலும் கூட இருப்பவர்கள்தான் நீங்கள் செய்வதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள் என்பதால், கோபக்காரரை விட்டுவிட்டுப் போவதில் ஒரு வசதியும் உண்டு.

கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். மீதி என் வயிற்றெரிச்சல்.

முதல் ஆட்டத்தில், கூட வருகிறவர்களில் ஒருத்தியான ஷேடோஹார்ட்டை நான் கேம்ப்பிலேயே போட்டுவைத்திருந்தேன். காரணம் சின்னது: அவள் வீசும் ஃபயர் போல்ட் என்ற நெருப்பு மந்திரம் எதிரியைத் தவிர எல்லா இடத்திலும் போய் விழும். அந்த மந்திரம் அவளுக்குப் பிறப்பால் வந்தது, அது இன்டெலிஜென்ஸ் என்ற திறன் எண்ணை வைத்து ஓடும், அவளுக்கு அது வெறும் 10. அவள் கிளரிக், அதாவது தெய்வத்திடம் மந்திரம் பெறுகிறவள், அந்த மந்திரங்களுக்கான விஸ்டம் என்ற எண்ணோ 17 என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. 'இவளுக்குக் கை வராது' என்று முடிவுகட்டிவிட்டேன்.

இரண்டாம் அங்கத்தில் ஷார் தேவதையின் கோயில் வரும். உள்ளே பொறிகள் நிறைய என்று ஆஸ்டேரியனைக் கூட்டிக்கொண்டேன். அடிதடிக்கு கார்லாக், கூட்டத்தைக் கொளுத்த கேல். ஷேடோஹார்ட் கும்பிடுவதே அந்த ஷாரைத்தான். அவள் வாழ்க்கையே அந்தக் கோயிலை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. அவளை விட்டுவிட்டு, கோயிலின் கடைசியில் சிறைப்பட்டிருக்கும் நைட்சாங் வரைக்கும் போய் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்து நின்றேன். சண்டை போட்டாள், கிளம்பிவிட்டாள். போனவள் போனவள்தான்.

'பழைய சேவ் ஃபைலை லோட் செய்திருக்கலாமே' என்பீர்கள். செய்திருக்கலாம். ஆறு மணி நேரம் முந்தைய சேவ் அது. தவிர, எனக்கு உறைத்த இடமே வேறு.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஐடி கம்பெனியில் நான்கு மாதம் புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருந்தவள் நான். சம்பளம் வரும், அனுபவக் கணக்கும் ஏறும். காலையில் கார்டைத் தேய்த்து உள்ளே போய், பயிற்சி வீடியோவை ஓடவிட்டு, மதியம் கேன்டீனில் அடுத்தவர்கள் புராஜெக்ட் கதை பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குக் கைவந்த வேலையிலேயே ஒரு புராஜெக்ட் வந்தது, வேறொருவரைப் போட்டார்கள். மேனேஜரிடம் கேட்டால், "நீங்க ஃப்ரீயா இருக்கீங்கன்னு தோணவே இல்லம்மா" என்றார். பெஞ்சில் இருப்பவள் ஃப்ரீயாக இல்லாமல் வேறெப்படி இருப்பாளாம்? அப்ரைசலில் 'தன்முனைப்பு போதாது' என்று வேறு எழுதினார்கள். இன்னும் ஆறவில்லை. விளையாட்டையும் ஆபீஸையும் குழப்பிக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால், ஆமாம், குழப்பிக்கொள்கிறேன்.

ஷேடோஹார்ட் போன பிறகு, கேம்ப்பில் கூலியாள் பிடித்துத் தரும் விதர்ஸிடம் 100 தங்கம் கொடுத்துக் கூலிக்கு ஒரு கிளரிக்கை எடுத்தேன். நன்றாகவே சண்டை போட்டார். கேம்ப்பில் போய்ப் பேசினால் சொல்வதற்கு அவரிடம் கதை எதுவும் இல்லை.

ஆகவே உங்களுக்கு: யாருடைய கதைக்குரிய இடத்துக்குப் போகிறீர்களோ அவரைக் கூட்டிப்போங்கள், அவர் எவ்வளவு சொதப்பினாலும் சரி. அதே 100 தங்கத்துக்கு விதர்ஸ் அவருடைய திறன்களையே மாற்றி அமைத்துத் தருவார். தூங்கக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். சாதாரணக் கடின நிலையில் ஒரு இரவுக்கு 40 உணவுப் பொருள்தான், கேம்ப் கதைகள் பலவும் தூங்கப் போகும்போதுதான் வரும். கேல் மந்திரப் பொருள் கேட்டால் உபயோகமில்லாத மோதிரமாகப் பார்த்துக் கொடுங்கள், அவருக்கு வித்தியாசம் தெரியாது. முதல் அங்கத்தில் வரும் தோப்பில் இருப்பவர்களைத் தாக்கினால், வில் (Wyll) என்பவரும் கார்லாக்கும் உங்களோடு இருக்கமாட்டார்கள். அதைக் கெஞ்சியெல்லாம் சரிசெய்ய முடியாது.

கதையை உடைத்துவிட்டேன் என்று திட்ட வராதீர்கள். 2023இல் வந்த விளையாட்டு.