மனச்சிதைவு: நேத்து மங்கினா நாளைக்கும் மங்குமா? கேள்வி பதில்

க்ளினிக்கல் சைக்காலஜிஸ்டா ரொம்ப வருஷமா மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா இருக்கறவங்களோட வேலை பாக்கறேன். காதுல குரல் கேக்கறது, சந்தேகப்படறது பத்தி எல்லாரும் கேப்பாங்க, ஞாபகத்தப் பத்தி கேக்கறவங்க கம்மி, அதான் இந்த தடவ அத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, என் தம்பிக்கு 27 வயசு. எந்த பைக் எந்த வருஷம் வந்துச்சு, எத்தன சிசி, எல்லாம் கடகடன்னு சொல்றான். ஆனா போன வருஷம் குடும்பமா போன ட்ரிப்பப் பத்தி கேட்டா "போனோம், நல்லா இருந்துச்சு", அவ்ளோதான். நடிக்கறானா?

பதில்: நடிக்கலம்மா. பைக் விவரம் பொது அறிவு, ட்ரிப் அவன் வாழ்ந்த ஒரு நாள், இந்த ரெண்டும் வேற வேற ஞாபகம்னு 1972லயே எண்டெல் டல்விங்ங்கற உளவியல் ஆராய்ச்சியாளர் பிரிச்சு சொன்னார். மனச்சிதைவுல அதிகமா அடிபடறது ரெண்டாவது. நாங்க ஒரு டெஸ்ட் பண்ணுவோம், ஒரு வார்த்தையக் குடுத்து, அது சம்பந்தமா உங்களுக்கு ஒரே ஒரு நாள் நடந்த விஷயத்த சொல்லுங்கன்னு கேப்போம். "சந்தோஷம்"னு குடுத்தா "பாட்டு கேட்டா சந்தோஷமா இருக்கும்"னு பதில் வரும். சரி, அது எந்த நாள், கூட யார் இருந்தா, வெளிய மழையா வெயிலான்னு தோண்டினா அங்கயே நின்னுடும். யாரு, எங்க, எப்போ, என்ன மனநிலைங்கற துண்டெல்லாம் நடக்கும்போதே ஒண்ணோட ஒண்ணு ஒட்டணும், அது சரியா ஒட்டாததால பின்னாடி தேடினா உதிரி உதிரியாதான் கெடைக்குது. உங்க மேல பாசம் இல்லாம மறக்கல, தயவுசெஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க.

கேள்வி: நடந்தத மறக்கறது புரியுது சார்/மேடம். நடக்காததக் கற்பனை பண்றதுக்கும் ஞாபகத்துக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி. நாளைக்கு ஒரு ஃபிரண்டப் பாக்கப் போறீங்கன்னு வைங்க, மனசுல ஒரு காட்சி ஓடுதுல்ல, அதுல வர்ற முகம், ரூம், குரல் எல்லாமே பழைய ஞாபகத்துலேந்து எடுத்து புதுசா அடுக்கினதுதான். கனடாவுல கே.சி.ன்னு ஒருத்தர், 1981ல மோட்டார் சைக்கிள் விபத்துல மூளைல அடிபட்டுடுச்சு. செஸ் ஆட்டம் மறக்கல, படிச்ச விஷயங்கள் மறக்கல, ஆனா தன் வாழ்க்கைல நடந்த ஒரு சம்பவத்தயும் அவரால திரும்ப மனசுல ஓட்டிப் பாக்க முடியல. டல்விங் அவர்கிட்ட நாளைக்கு என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டா அதுவும் வெறுமைதான்னார். அவருக்கு மனச்சிதைவு இல்ல, ஆனா பின்னாடி பாக்கறதும் முன்னாடி பாக்கறதும் எவ்ளோ பின்னிக் கெடக்குன்னு அவர் மூலமாதான் தெளிவா தெரிஞ்சுது. ஹிப்போகேம்பஸ்னு மூளைக்கு உள்ளார இருக்கற பகுதிக்கு இதுல பெரிய பங்கு, மனச்சிதைவு உள்ள நிறைய பேருக்கு அது சராசரியா கொஞ்சம் சின்னதா இருக்கும். 2008ல அர்னோ தார்ஜம்போங்கற ஆராய்ச்சியாளரும் அவர் கூட இருந்தவங்களும் இந்த நோய் உள்ளவங்கள ரெண்டு பக்கமும் சோதிச்சாங்க, பழச சொல்றதுலயே விவரம் கம்மி, வரப்போறதக் கற்பனை பண்றதுல அத விடக் கம்மி. பழசுக்காவது நடந்த ஒண்ணு இருக்கு, புதுச முழுசா கட்டணும்ல, அதுக்கு வேலை அதிகம்.

கேள்வி: எனக்கே இந்த நோய் இருக்கு, இப்ப மாத்திரைல நல்லா இருக்கேன். அஞ்சு வருஷம் கழிச்சு எப்படி இருப்பீங்கன்னு யாராவது கேட்டா ஒண்ணுமே தெரியல, பனிமூட்டம் மாதிரி. சோம்பேறின்னு திட்டு வேற வாங்கறேன்.

பதில்: தம்பி, நீங்க சோம்பேறி இல்ல, இத உங்க வீட்டுல இருக்கறவங்களும் படிக்கணும்னு ஆசப்படறேன். ஒரு விஷயத்த செய்யும்போது வர்ற சந்தோஷம் இந்த நோய்ல ஓரளவு நல்லாவே இருக்குன்னும், செய்யறதுக்கு முன்னாடி அத நெனச்சு வர்ற ஆசைதான் கொறையுதுன்னும் ஆராய்ச்சிகள் சொல்லுது. போனா நல்லா இருக்கும்ங்கற காட்சி மனசுல வரலன்னா யாருக்குதான் எழுந்து கெளம்பத் தோணும்? அதனால அஞ்சு வருஷத்த விட்டுடுங்க. நாளைக்குக் காலைல, எந்த எடம், எந்த சட்ட, யாரப் பாப்பீங்க, மொதல்ல என்ன பேசுவீங்க, அவ்ளோ பொடியா யோசிச்சு ரெண்டு வரி எழுதுங்க. போயிட்டு வந்து நெஜமா எப்படி இருந்துச்சுன்னு அதுக்குக் கீழயே எழுதுங்க. கொஞ்ச நாள் கழிச்சு அந்த நோட்டுதான் அடுத்த தடவ கற்பனைக்கு சரக்கு.

கேள்வி: இதெல்லாம் மாத்திரையால வர்றதா? நிறுத்திட்டா சரியாகுமா?

பதில்: தானா நிறுத்தவே நிறுத்தாதீங்க. மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நிறைய பேருக்கு ஞாபகத்துல சிக்கல் இருக்கு. ஆனா கை நடுக்கத்துக்கும் ஒடம்பு இறுக்கத்துக்கும் கூட ஒரு மாத்திரை குடுப்பாங்க, அது சிலருக்கு ஞாபகத்த இன்னும் மந்தமாக்கும், அது இன்னும் வேணுமான்னு டாக்டர்கிட்ட கேக்கலாம்.

கேள்வி: அப்ப இது வயசானவங்களுக்கு வர்ற மறதி நோய் மாதிரியா?

பதில்: இல்ல. 19ஆம் நூற்றாண்டு கடைசில எமில் கிரேப்லின்ங்கற மனநல டாக்டர் மனச்சிதைவ இளம் வயசு மறதி நோய்ங்கற மாதிரி பேர்லதான் கூப்ட்டார், எல்லாருக்கும் அப்படி தேஞ்சு போகலன்னு பாத்துட்டு 1908ல யூஜென் ப்ளாய்லர்ங்கற இன்னொரு மனநல டாக்டர் ஸ்கிசோஃப்ரினியான்னு பேரயே மாத்தினார். பெரும்பாலும் ஆரம்ப வருஷங்கள்ல கொறஞ்சது அப்படியே நிக்கும், அல்சைமர் மாதிரி வேகமா எறங்கிட்டே போகாது.

கேள்வி: என் கணவர் நடக்காத ஒண்ண நடந்துச்சுன்னு அடிச்சு சொல்றார். எங்க அண்ணன் அவர அடிச்சாராம். என்ன பண்ண?

பதில்: வாதாடாதீங்கம்மா, அவருக்கு அது பொய் இல்ல, தெளிவாத் தெரியற ஞாபகம். ஆமான்னும் சொல்ல வேணாம். "அது உங்களுக்கு ரொம்ப வலிச்சிருக்கும்"னு அந்த பயத்துக்குப் பதில் சொல்லுங்க, டாக்டர்கிட்ட அவர் சொன்ன வார்த்தையாவே சொல்லுங்க. இது புதுசா ஆரம்பிச்சிருந்தா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க.

கேள்வி: அக்கா, தம்பி பத்தி கேட்டவதான் மறுபடி. இந்த ஞாபகத்துக்குப் பயிற்சி இருக்கா?

பதில்: இருக்கும்மா. ஒரு சம்பவத்த எடுத்து விவரம் விவரமா சொல்லப் பழக்கறது, வாழ்க்கைய வயசு வாரியா திரும்ப சொல்ல வைக்கறது, இதுல பழச சொல்றது கொஞ்சம் தெளிவாகுது, ஆனா விட்டா மங்கிடும், தொடர்ந்து பண்ணணும். வீட்டுல நீங்க பண்ணக்கூடியது, ட்ரிப் எப்படி இருந்துச்சுன்னு மொட்டையா கேக்காதீங்க. ஃபோட்டோவக் கைல குடுத்து "இதுல உன் பக்கத்துல நிக்கறது யாரு, இதுக்கு முன்னாடி நாம எங்க இருந்தோம்"னு கேளுங்க, பதில் வர ஒரு நிமிஷம் ஆனாலும் நீங்க முந்திக்கிட்டு சொல்லிடாதீங்க.