கம்பெனியை நம்பலாமா? டிவி, போன், கேமரா: கேள்வி பதில்

வீட்டு நெட்வொர்க் பாதுகாப்பு என் தொழில். இந்த வாரம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, புதிதாக ஸ்மார்ட் டிவி வாங்கினோம். நாங்கள் பார்ப்பதையெல்லாம் அது கம்பெனிக்குச் சொல்லிவிடும் என்கிறான் மகன். உண்மையா? (ஈரோடு வாசகி)

உண்மைதான் அம்மா. திரையில் ஓடும் படத்திலிருந்து சில புள்ளிகளை மட்டும் எடுத்து அனுப்பி, சர்வரில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, இன்ன நிகழ்ச்சி என்று கண்டுபிடிக்கும் நுட்பம் இருக்கிறது. ஏசிஆர் என்பார்கள். கேபிளில் வந்தாலும் டிவிடியில் ஓடினாலும் அதற்கு ஒன்றுதான். திரையில் தெரிந்தால் போதும்.

அமெரிக்காவில் விசியோ என்ற கம்பெனி 1 கோடியே 10 லட்சம் டிவிகளிலிருந்து இப்படி நொடிக்கு நொடி திரட்டி விற்றது. அதற்கு மெனுவில் வைத்திருந்த பெயர் 'ஸ்மார்ட் இன்டராக்டிவிட்டி'. நிகழ்ச்சிகளைப் பரிந்துரைக்கும் வசதி என்று விளக்கம் வேறு. அந்நாட்டு வணிக ஆணையமும் நியூஜெர்சி மாநிலமும் தொடுத்த வழக்கை 2017இல் 22 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. வகுத்துப் பாருங்கள், ஒரு டிவிக்கு 20 சென்ட்.

இதை அணைக்கலாம். சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்' என்று தேடுங்கள். ஏசிஆர் என்ற பெயரில் தேடினால் கிடைக்காது. டிவியை முதன்முதலில் போடும்போது வரும் 'எல்லாவற்றுக்கும் சம்மதம்' பொத்தானை அவசரத்தில் அழுத்தியிருப்பீர்கள். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், அது அப்படி அழுத்துவதற்காகவே அங்கே இருக்கிறது.

விலை கூடினாலும் ஆப்பிள் வாங்கினால் கவலை இல்லைதானே? (கோயம்புத்தூர் வாசகர்)

2016இல் அமெரிக்காவின் சான் பெர்னார்டினோ துப்பாக்கிச்சூடு வழக்கில் ஐபோனைத் திறந்து தரச் சொன்ன அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயை எதிர்த்து நின்றதும் ஆப்பிள்தான். பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லும் அதன் உதவியாளரான சிரியின் பதிவுகளை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டுவந்தது 2019இல் வெளியானதும் மன்னிப்புக் கேட்டதும் அதே ஆப்பிள்தான். சிரி தானாக விழித்துக்கொண்டு பேச்சைப் பதிவு செய்ததாகத் தொடுத்த வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலே 9.5 கோடி டாலர் தர 2025இல் இசைந்தது.

ஆகவே கம்பெனியின் குணத்தை ஆராய்வதில் பயனில்லை. பூட்டி வைத்த உங்கள் தரவைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். ஆப்பிளின் சர்வரில் இருக்கும் உங்கள் போனின் நகலான ஐகிளவுட் பேக்கப்பின் சாவி, நீங்கள் எதையும் மாற்றாதவரை, ஆப்பிளிடமும் இருக்கிறது. சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளும் 'அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்‌ஷன்' 2022 டிசம்பரில்தான் வந்தது. பிரிட்டன் அரசு தரவைத் திறந்துவிடக் கேட்டதாகச் செய்தி வந்த பின், 2025 பிப்ரவரியில் அந்நாட்டில் புதியவர்களுக்கு அந்த வசதியை ஆப்பிள் நிறுத்திவிட்டது. கம்பெனி நல்ல கம்பெனியாகவே இருந்தாலும் அதற்கு மேலே ஓர் அரசு இருக்கிறது.

ஊரில் தனியாக இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள கேமரா வைக்க நினைக்கிறேன். "பதிவு வீட்டை விட்டு வெளியே போகாது" என்று பெட்டியில் போட்டிருக்கிறது. (துபாய் வாசகர்)

யூஃபி என்ற கேமரா கம்பெனியும் அதையேதான் சொல்லி விற்றது. சிறு படங்கள் கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் உள்ள சர்வருக்கு, போவதை 2022இல் ஓர் ஆய்வாளர் காட்டினார். முதலில் மறுத்த தாய்க் கம்பெனி ஆங்கர், அடுத்த ஆண்டு ஜனவரியில் குறைகளை ஒப்புக்கொண்டது. அமேசானின் ரிங் என்ற கேமரா கம்பெனியின் கதை இன்னும் மோசம்: ஊழியர் ஒருவர் பெண் வாடிக்கையாளர்களின் படுக்கையறை, குளியலறைப் பதிவுகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார். இன்னோர் ஊழியர் கண்டுபிடிக்கும்வரை யாரும் தடுக்கவில்லை. அமெரிக்க வணிக ஆணையத்தின் வழக்கை முடிக்க 2023இல் 58 லட்சம் டாலர் கட்ட ரிங் இசைந்தது.

வாசலுக்கும் கூடத்துக்கும் வையுங்கள். படுக்கையறைக்கு வேண்டாம். மெமரி கார்டில் பதிவாகும் கேமராவானாலும், தொலைவிலிருந்து நேரலை பார்க்க வேண்டுமென்றால் அது இணையத்தில் இருந்துதான் ஆக வேண்டும். அந்த விலையைத் தெரிந்தே கொடுங்கள். அதற்கு முன், அம்மாவிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணவில்லை.

தனியுரிமைக் கொள்கையை முழுவதும் படிக்க வேண்டுமா?

வேண்டாம். யாரோடு பகிர்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்ற இரண்டு பத்திகள் போதும். விளம்பரத்தில் இல்லாத உண்மை அங்கே இருக்கும். டிவியின் முன்னே பேசும் அந்தரங்கச் சொற்களும் மூன்றாம் தரப்புக்குப் போகலாம் என்று சாம்சங் தன் கொள்கையிலேயே எழுதி வைத்திருந்தது. 2015இல் யாரோ படித்த பிறகுதான் உலகம் கொதித்தது.

நம் நாட்டுச் சட்டம் காப்பாற்றாதா?

2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து ஒன்றரை ஆண்டு அவகாசம். அபராதம் அரசின் கஜானாவுக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இந்தச் சட்டத்தில் இழப்பீடு கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் அதற்கென இருந்த 43ஏ பிரிவையும் நீக்க இதிலேயே வழி செய்துவிட்டார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு.

ஸ்மார்ட் இல்லாத டிவியே கடையில் இல்லையே, ஐயா?

வாங்குங்கள், வை-ஃபை கடவுச்சொல்லை மட்டும் கொடுக்காதீர்கள். இணையத்தில் படம் பார்க்க, டிவியில் செருகும் தனி ஸ்டிக் வாங்கிப் போட்டால், நீங்கள் பார்ப்பது ஸ்டிக் கம்பெனிக்குத் தெரியும், டிவி கம்பெனிக்குத் தெரியாது. இருவரில் ஒருவர் குறைந்தார்.