கழலாத பிளைவீல்: வீல் மேல் சுத்தியல் வேண்டாம்

கேள்வி: ராசிபுரம் பக்கம் ஒன்றரை ஏக்கர் மரவள்ளி போட்டிருக்கிறேன். களைக்கு 7 எச்.பி. பெட்ரோல் பவர் வீடர். போன வருஷம் இன்ஜினில் ஆயில் சீல் மாற்றினோம். போன வாரம் ஓட்டும்போது வெங்கச்சங்கல்லில் அடித்து இன்ஜின் நின்றுவிட்டது. அதிலிருந்து கயிற்றை இழுத்தால் கையை வெடுக்கென்று திருப்பி இழுக்கிறது, கார்புரேட்டர் பக்கம் 'டப்' என்று அடிக்கிறது. பிளைவீல் கீ வெட்டுப்பட்டிருக்கும் என்கிறார்கள். நட்டைக் கழற்றி, மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்தும் வீல் அசையவில்லை. கடப்பாறையால் நெம்பலாமா? கேஸ் வைத்துச் சூடு காட்டலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம் ஐயா. உங்களுக்குச் சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கல்லில் அடித்ததும் கிராங்க், அதாவது பிஸ்டன் சுழற்றும் தண்டு, சட்டென்று நின்றுவிட்டது. அதன் நுனியில் மாட்டியிருக்கும் கனமான பிளைவீல் சுற்றிய வேகத்தில் இன்னும் கொஞ்சம் முன்னால் போய், இரண்டுக்கும் நடுவில் பள்ளத்தில் இருந்த சின்ன உலோகத் துண்டான கீயை வெட்டிவிட்டது. பிளைவீலில் இருக்கும் காந்தம், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைக் கடக்கும்போதுதான் பிளக்கில் பொறி வரும். வீல் முன்னால் நகர்ந்துவிட்டதால் பொறியும் முந்திக்கொள்கிறது. பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் பெட்ரோல் பற்றிக்கொள்வதால் கயிறு உங்கள் கையைத் திருப்பி இழுக்கிறது. சரியாகும்வரை அந்தக் கயிற்றை இழுத்துப் பார்க்காதீர்கள், மணிக்கட்டு போய்விடும்.

புல் வெட்டும் மெஷின்களில் பிளேடு நேராகக் கிராங்கிலேயே இருப்பதால் கீ வெட்டுப்படுவது சகஜம். வீடரில் நடுவில் கியரும் கிளட்சும் இருக்கின்றன, அவ்வளவு சுலபத்தில் போகாது. ஆயில் சீல் மாற்றிய அன்று பிளைவீலைக் கழற்றித்தான் இருப்பார்கள். நட்டைத் திரும்ப முழு இறுக்கத்தில் வைக்கவில்லை என்றே நினைக்கிறேன். வீலைப் பிடித்திருப்பது கீ இல்லை. கிராங்க் நுனி கூம்பாக, டேப்பராக இருக்கும். நட்டு வீலை அந்த டேப்பர் மேல் ஏற்றி இறுக்கும் பிடிதான் முழு வேலையையும் செய்கிறது. கீ, வீலைச் சரியான இடத்தில் உட்கார வைக்க மட்டும்தான். நட்டு கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் பாரமெல்லாம் கீ மேல் வந்துவிடும்.

வீல் இப்போது கழல மறுப்பதற்கும் அதே காரணம்தான். கீ வெட்டுப்பட்ட நொடியில் வீல் டேப்பர் மேல் உரசிக்கொண்டே திரும்பி, இரும்போடு இரும்பு கடித்துக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெய் துருவை இளக்கும், இந்தக் கடியை இளக்காது. இதற்கு, வீலைத் தண்டிலிருந்து இழுத்துக் கழற்றும் புல்லர் என்ற கருவிதான் வேண்டும்.

முதலில் பெட்ரோல் காக்கை மூடி, பிளக் கேப்பை உருவிவிடுங்கள். பிளைவீல் மேல் பிளாஸ்டிக் விசிறி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பிறகு நட்டைத் திரும்ப மாட்டி, தண்டின் நுனிக்குச் சமமாக நிறுத்துங்கள். நட்டுக்கும் வீலுக்கும் நடுவில் இடைவெளி இருக்க வேண்டும். நட்டு அங்கே இருந்தால் மரை நசுங்காது, வீல் திடீரென்று கழன்றாலும் காலில் வந்து விழாது.

வீலின் நடுப்பகுதியில் மரை போட்ட துளைகள் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. 10 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகட்டில் அந்தத் துளைகளுக்கு நேராக ஓட்டை போட்டு, நடுவில் ஒரு பெரிய நட்டை வெல்டிங் வைத்துத் தரச் சொன்னால் எந்த லேத் பட்டறையிலும் செய்து கொடுப்பார்கள், அதுவே உங்கள் புல்லர். துளை இல்லாத வீலுக்கு மூன்று கால் புல்லர் போடலாம். கால்கள் காந்தம் இருக்கும் இடத்திலும் விசிறி இறக்கைகளிலும் பிடிக்கக் கூடாது.

புல்லர் போல்ட் தண்டின் நடுக்குழியில் நேராக உட்காரட்டும். கெட்டியாக இறுக்குங்கள். வீல் வரவில்லையென்றால் மேலும் மேலும் முறுக்காமல், இறுக்கத்தோடு அப்படியே விட்டு, புல்லர் போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராக ஒரே ஒரு தட்டு தட்டுங்கள். மீண்டும் கால் சுற்று இறுக்கி, மீண்டும் ஒரு தட்டு. இழுவையும் அதிர்ச்சியும் ஒன்றாகச் சேரும்போதுதான் டேப்பர் விடும். விடும்போது 'டக்' என்று சத்தம் கேட்கும். வராவிட்டால் டேப்பர் ஓரத்தில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, புல்லரை இறுக்கிய நிலையிலேயே காலைவரை வைத்துவிடுங்கள். பல வீல்கள் மறுநாள் முதல் தட்டிலேயே வந்துவிடும்.

கடப்பாறை போட்டால் அது முட்டுக்கொடுப்பது அலுமினிய கிராங்க் கேஸில். அது விரிசல் விட்டால் இன்ஜினே போச்சு. வீல் விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு உடையும், அல்லது கண்ணுக்குத் தெரியாமல் கீறல் விட்டு, பிறகு ஓடும்போது சிதறும். இது உயிருக்கு ஆபத்து. கேஸ் தீ வைத்தால் பின்னால் இருக்கும் சீல் வெந்துவிடும், காந்தத்தின் சக்தி குறையும், மேலே பெட்ரோல் டேங்க் வேறு. சூடு காட்டியே ஆக வேண்டுமென்றால் டேங்கைக் கழற்றித் தூர வைத்துவிட்டு, ஹீட் கன்னால் வீலின் நடுப்பகுதியை மட்டும் சூடாக்குங்கள்.

கழன்று வந்ததும் டேப்பரைப் பெட்ரோலில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். லேசான உரசல் கோடுகள் இருந்தால், வால்வு தேய்க்கும் பேஸ்ட் கொஞ்சம் தடவி, கீ இல்லாமல் வீலை மாட்டி, கையால் அரைச் சுற்று முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று படிந்துவிடும். பேஸ்ட் ஒரு துளிகூட மிஞ்சாமல் கழுவுங்கள். கீ உட்காரும் பள்ளம் வீல் பக்கம் சிதைந்திருந்தால் வீலை மாற்றுங்கள். கிராங்க் பக்கம் அகன்றிருந்தால் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டாமல் ஓட்டாதீர்கள்.

கீயை அந்த இன்ஜினுக்கு உரியதாகவே வாங்குங்கள். ஆணியை ராவி மாட்டுகிற வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். டேப்பரில் எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது, உலர்ந்து இருந்தால்தான் பிடிக்கும். நட்டின் இறுக்கத்துக்குக் கையேட்டைப் பாருங்கள். 160 முதல் 200 சி.சி. வரையுள்ள ஹோண்டா ஜிஎக்ஸ் வகைக்கு 75 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், 25 செ.மீ. நீளக் கைப்பிடியின் நுனியில் 30 கிலோ பாரம் கொடுப்பதுதான் கிட்டத்தட்ட அந்த அளவு. காயிலைக் கழற்றியிருந்தால் காந்தத்துக்கும் அதற்கும் 0.4 மி.மீ. இடைவெளி விட்டு மாட்டுங்கள்.

மரவள்ளி முதல் மூன்று மாதம் களையைத் தாங்காது என்பதால் அவசரம் புரிகிறது. அதுவரை ஒரு வீடரை வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொள்ளுங்கள். புதுக் கீ போட்ட பிறகும் கார்புரேட்டரில் 'டப்' வந்தால் இன்டேக் வால்வு சரியாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது இன்ஜின் மாடலையும் கம்ப்ரஷன் எப்படி இருக்கிறது என்பதையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.