மானிட்டரிங் ஏஜென்ட் அப்டேட்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மானிட்டரிங் ஏஜென்ட் என்றால், அப்ளிகேஷனுக்குள் ஏறி அதன் வேகத்தையும் எரர்களையும் அளந்து அனுப்பும் சிறு ப்ரோகிராம்.

கேள்வி: அண்ணா, ஜாவா அப்ளிகேஷனை நிறுத்தாமல் ஏஜென்ட்டை அப்டேட் செய்ய முடியுமா? ஜார் ஃபைலை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. ஜாவாஏஜென்ட் ஆப்ஷனில் கொடுக்கும் ஜார், உங்கள் மெயின் மெத்தட் ஓடுவதற்கு முன்பே ஜேவிஎம்முக்குள் (ஜாவாவை ஓட்டும் இன்ஜின்) ஏறிவிடும். அப்புறம் ஒவ்வொரு கிளாஸும் லோடு ஆகும்போது, நேரம் அளக்கும் வரிகளை அதன் பைட்கோடுக்குள் (ஜேவிஎம் படிக்கும் வடிவம்) சேர்க்கும். டிஸ்க்கில் இருக்கும் ஃபைலை மாற்றினாலும் ஓடிக்கொண்டிருப்பது பழைய ஏஜென்ட்தான். ரீஸ்டார்ட் கட்டாயம்.

இன்னொன்று, அப்ளிகேஷன் ஓடும்போது அதே ஃபைலின் மேல் புது ஜாரைக் காப்பி செய்யவே செய்யாதீர்கள். லினக்ஸில் காப்பி கட்டளை பழைய ஃபைலுக்குள்ளேயே புது பைட்களை எழுதும். எந்த கிளாஸ் ஜாரில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியலை ஜேவிஎம் ஏற்கெனவே படித்து வைத்திருக்கும். இதுவரை லோடு ஆகாத ஒரு கிளாஸைத் தேடிப் போனால் அங்கே வேறு ஏதோ இருக்கும். கிளாஸ் கிடைக்கவில்லை என்று எரர் வரும். ஜாவா 8 போன்ற பழைய வெர்ஷன்களில் ஜேவிஎம்மே விழுந்துவிடலாம். வெர்ஷனுக்கு ஒரு ஃபோல்டர் வைத்துக்கொண்டு, சிம்லிங்க்கை (வேறு ஃபோல்டரைக் காட்டும் குறுக்குவழி) புதியதற்குத் திருப்பி ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரோல்பேக் (பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது) வேண்டுமென்றால் சிம்லிங்க்கைப் பழையதற்குத் திருப்பி ரீஸ்டார்ட் செய்தால் சரி. கான்ஃபிக் ஃபைல் இந்த ஃபோல்டர்களுக்கு வெளியே இருக்கட்டும்.

கேள்வி: விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸில் ஓடும் டாட்நெட் அப்ளிகேஷனுக்கும் இதே கதைதானா?

ஆமாம். அங்கே ஏஜென்ட் சிஎல்ஆர் (டாட்நெட்டை ஓட்டும் இன்ஜின்) ப்ரொஃபைலராக ஏறுகிறது. வொர்க்கர் ப்ராசஸ் அந்த டிஎல்எல்லைப் பிடித்து வைத்திருக்கும். ஐஐஎஸ்ஸை நிறுத்தி, இன்ஸ்டால் செய்து, மறுபடி கிளப்புங்கள். ப்ரோகிராம் கோடை மாற்றி எழுதும் ப்ரொஃபைலர் ஒரு ப்ராசஸில் ஒன்றுதான் இருக்க முடியும். வேறு கருவிக்கு மாறுகிறீர்கள் என்றால் பழையதை முழுதாக நீக்குங்கள்.

கேள்வி: ஜாவா 17இலிருந்து 21க்குப் போகிறோம். முதலில் ஜாவாவா, ஏஜென்ட்டா?

ஏஜென்ட். ஜாவா 21 உருவாக்கும் கிளாஸ் ஃபைலின் வெர்ஷன் எண் 65. அந்த எண்ணை அறியாத பழைய ஏஜென்ட்டால் அந்த கிளாஸ்களைப் படிக்க முடியாது. லாகில் புகார் எழுதிவிட்டு அவற்றைத் தொடாமல் விட்டுவிடக்கூடும். அப்ளிகேஷன் நன்றாக ஓடும், ட்ரேஸ் (ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் கடந்து வந்த பாதையின் பதிவு) மட்டும் வராது.

கேள்வி: ஓபன்டெலிமெட்ரி என்ற ஓபன்சோர்ஸ் ஜாவா ஏஜென்ட்டை 1லிருந்து 2க்கு மாற்றினோம். முதலில் டேட்டாவே வரவில்லை. அதைச் சரிசெய்த பிறகு ஒரு அலர்ட்கூட அடிக்கவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 ஜனவரியில் வந்த 2.0வில் மாற்றங்கள் ஏராளம். டேட்டாவை அனுப்பும் முறை ஜிஆர்பிசியிலிருந்து எச்டிடிபிக்கு மாறியது. அதோடு வழக்கமான போர்ட்டும் 4317இலிருந்து 4318 ஆனது. பழைய போர்ட்டைக் கான்ஃபிக்கில் எழுதி வைத்திருந்தால் டேட்டா போய்ச் சேராது. உங்களுக்கு முதலில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

அலர்ட் விஷயம் இதைவிட ஆபத்தானது. சர்வரின் பதில் நேரத்தைச் சொல்லும் மெட்ரிக்கின் பெயரே மாறிவிட்டது. பழைய பெயரில் இனி எதுவும் வராது, அதனால் அந்த அலர்ட் அடிக்கவும் அடிக்காது. சரி, பெயரை மட்டும் மாற்றிவிடலாம் என்றால் அதுவும் போதாது. முன்பு மில்லிசெகண்டில் வந்தது இப்போது செகண்டில் வருகிறது. 500ஐத் தாண்டினால் எழுப்பு என்று வைத்த அலர்ட், ஒரு ரிக்வெஸ்ட் எட்டு நிமிடத்துக்கு மேல் தொங்கினால்தான் எழுப்பும். அதை 0.5 என்று மாற்றுங்கள். டாஷ்போர்டில் எச்டிடிபி மெத்தட், ஸ்டேட்டஸ் கோடு என்று பிரித்துப் பார்க்கும் ஃபில்டர்களின் பெயர்களும் மாறியிருக்கின்றன. இன்னும் மாறாதவர்கள், 1இன் கடைசி வெர்ஷன்களில் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டிலும் அனுப்பும் செட்டிங் இருக்கிறது, அதில் சில நாள் ஓட்டி டாஷ்போர்டுகளை மாற்றிவிட்டு அப்புறம் 2க்குப் போங்கள்.

கேள்வி: "மானிட்டரிங்தானே, இதற்கெல்லாம் சேஞ்ச் அப்ரூவல் எதற்கு?" என்கிறார் மேனேஜர்.

ஏஜென்ட் உங்கள் அப்ளிகேஷனின் ப்ராசஸுக்குள், அதே ஹீப்பில் (மெமரியில்), அதே சிபியுவில் ஓடுகிறது என்று அவரிடம் சொல்லுங்கள். அதில் ஒரு மெமரி லீக் இருந்தால் விழப்போவது உங்கள் சர்வர். எனவே இதுவும் ஒரு டெப்ளாய்மென்ட்தான், அப்ரூவல் வேண்டும். முதலில் ஒரு நோடில் மட்டும் போட்டு, ட்ராஃபிக் உச்சத்தைத் தொடும் நேரம் ஒன்றையாவது தாண்டவிடுங்கள். சிபியு, ஜிசி நேரம் (ஜேவிஎம் மெமரியைச் சுத்தம் செய்ய எடுக்கும் நேரம்), பி95 (95% ரிக்வெஸ்ட்கள் முடியும் நேரம்) மூன்றையும் பக்கத்து நோடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: கன்டெய்னரில் லேட்டஸ்ட் டேக் வைத்தால் தானாகவே அப்டேட் ஆகிவிடுமே?

ஆகும், நீங்கள் கேட்காத நேரத்தில். வெர்ஷன் எண்ணை எழுதிப் பூட்டி வையுங்கள்.

கேள்வி: ஓடுகிற ஏஜென்ட்டை எதற்குத் தொட வேண்டும், சார்?

2021 டிசம்பரில் ஜாவாவின் லாக் எழுதும் லைப்ரரியான லாக்4ஜேயில் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டை நினைவிருக்கும். அப்ளிகேஷனின் டிபெண்டென்சி பட்டியலில் லாக்4ஜே இல்லாவிட்டாலும், ஏஜென்ட் ஜாருக்குள் அதன் பிரதி இருந்திருக்கலாம். சில ஏஜென்ட்களில் இருந்தது. ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஓட வேண்டாம். ஆனால் இரண்டு வருடம் பின்தங்கிவிட்டால், அவசரப் பேட்ச் வரும் அன்று பெரிய தாவலாகத் தாவ வேண்டியிருக்கும்.

கேள்வி: புது வெர்ஷன்தான் ஓடுகிறது என்று எப்படி உறுதிசெய்வது?

ரீஸ்டார்ட் ஆனதும் லாகின் தொடக்க வரிகளைப் பாருங்கள், பெரும்பாலான ஏஜென்ட்கள் தங்கள் வெர்ஷனை அங்கே எழுதும். அப்புறம் ப்ராசஸ் பட்டியலில் அந்த ஜாவா கட்டளையை முழுதாகப் படியுங்கள். ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட்டில் ஒன்று, என்விரான்மென்ட் வேரியபிளில் ஒன்று என்று இரண்டு ஏஜென்ட்கள் ஏறியிருப்பது அடிக்கடி நடக்கிறது. வேரியபிள் வழியாக வருவது கட்டளையில் தெரியாது. ஜாவா டூல் ஆப்ஷன்ஸ் (JAVA_TOOL_OPTIONS) என்ற வேரியபிள் வழியாக எடுத்திருந்தால் ஜேவிஎம் கிளம்பும்போதே ஒரு வரி எழுதும், அதைத் தேடுங்கள். கடைசியாக, ஒரு அலர்ட்டின் எல்லையை வேண்டுமென்றே குறைத்து, அது உங்கள் போனுக்கு வந்து சேர்கிறதா என்று பாருங்கள். வந்ததும் எல்லையைப் பழைய இடத்தில் வைத்துவிடுங்கள்.