கண்ணுக்குக் கீழே போட்ட ஃபில்லர் வீங்கித் தெரிகிறது... கரைத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. கண்ணுக்குக் கீழே குழியும் கருவளையமும் இருந்ததால் இரண்டு வருடங்களுக்கு முன்பு ஃபில்லர் (குழியை நிரப்பும் ஜெல் ஊசி) போட்டுக்கொண்டேன். முதல் சில மாதங்கள் நன்றாகத்தான் இருந்தது. இப்போது காலையில் எழுந்தால் இரண்டு கண்ணுக்கும் கீழே பை மாதிரி வீங்கியிருக்கிறது. மதியத்துக்குள் கொஞ்சம் வடிந்துவிடும். மூக்கை ஒட்டிய மூலையில் லேசாக நீலம் பூத்திருக்கிறது, கன்சீலர் போட்டாலும் மறையவில்லை. போட்ட இடத்தில் கேட்டால், "பழசு கரைந்துபோயிருக்கும், இன்னும் அரை மில்லி போட்டால் சமமாகிவிடும்" என்கிறார்கள். கரைக்க ஓர் ஊசி இருக்கிறதாம். அதைப் போட்டால் நம் சொந்தத் தோலும் சேர்ந்து கரைந்து முகம் தொங்கிவிடும் என்று தோழி பயமுறுத்துகிறாள். என்ன செய்வது டாக்டர்?

பதில்: அந்த இன்னொரு அரை மில்லியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாக முடிவு செய்யலாம். இதற்கு மட்டும் இப்போதே 'வேண்டாம்' சொல்லிவிடுங்கள். வீங்கியிருக்கும் இடத்தில் மேலும் ஃபில்லரை ஏற்றிச் சமப்படுத்தப் பார்ப்பது, ஓதமேறிய சுவருக்குத் திரும்பத் திரும்ப வெள்ளையடிக்கிற வேலை.

காலை வீக்கம், மூலையில் நீலம் என்று நீங்கள் எழுதியிருக்கும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஃபில்லர் கரையவில்லை, உள்ளேயே இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 'ஒரு வருடத்தில் தானாகக் கரைந்துவிடும்' என்று சொல்லித்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். கண்ணுக்குக் கீழே அந்தக் கணக்கு சரிப்பட்டு வருவதில்லை. போட்டுப் பல வருடங்கள் ஆனபின், சிலருக்குப் பத்து வருடங்களுக்குப் பிறகும்கூட, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அந்த ஜெல் அப்படியே தெரிந்திருக்கிறது. பார்வைக்கு எடுப்பு குறைந்ததும் 'கரைந்துவிட்டது' என்று நினைத்து அதன் மேலேயே அடுத்த டோஸ், அதற்கு மேல் இன்னொன்று என்று ஏற்றிக்கொண்டு போகிறவர்கள்தான் கடைசியில் எங்களிடம் வந்து சேர்கிறார்கள்.

உங்களுக்குப் போட்டது ஹயலூரானிக் அமில ஃபில்லராக இருந்தால் (பெரும்பாலும் அதுதான்), வீக்கம் ஏன் வருகிறது என்பது எளிதாகப் புரியும். இந்த அமிலம் நம் தோலிலும் மூட்டு நீரிலும் கண்ணுக்குள் இருக்கும் கூழிலும் இயல்பாகவே உண்டு. தண்ணீரை இழுத்துப் பிடித்து வைப்பது அதன் குணம். அப்படியே ஊசியில் ஏற்றினால் உடம்பு சீக்கிரமே அதைச் சிதைத்துவிடும். அதனால்தான் வேதிப்பொருள் சேர்த்து அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, கெட்டியான ஜெல்லாக்கி விற்கிறார்கள். கண்ணிமைத் தோலோ உடம்பிலேயே மெல்லியது, சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே, கன்ன எலும்புக்குச் சற்று மேலே, குறுக்காக ஒரு சவ்வுத் தடுப்பு இருக்கிறது. இமையில் தேங்கும் நீர் கீழே இறங்குவதை அது ஏற்கெனவே கொஞ்சம் மறித்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் நீரை உறிஞ்சும் ஜெல்லும் போய் உட்கார்ந்து, பக்கத்தில் ஓடும் நிணநீர்க் குழாய்களையும் அழுத்தினால் வடிகால் இன்னும் குறுகிவிடும். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது நீர் கோத்துக்கொள்கிறது. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் மெல்ல இறங்குகிறது. அழுதாலோ, மாதவிலக்கை ஒட்டிய நாட்களிலோ அதிகமாகத் தெரிவதும் இதனால்தான்.

நீலத்துக்குக் காரணம் வேறு. ஜெல் தோலுக்கு மிக அருகில் இருந்தால், அதன் மேல் படும் வெளிச்சத்தில் நீலக் கதிர்கள் அதிகமாகச் சிதறித் திரும்பி வரும். 19-ஆம் நூற்றாண்டு இயற்பியலாளர் ஜான் டிண்டால் பெயரால் இதை டிண்டால் விளைவு என்கிறோம். நிறம் மேலே இல்லை, உள்ளிருந்து வருகிறது. அதனால்தான் கன்சீலர் எடுபடவில்லை. ரத்தக்கட்டு என்றால் பச்சை, மஞ்சள் என்று மாறி இரண்டு வாரத்தில் போயிருக்கும். மாதக்கணக்கில் ஒரே நீலமாக நிற்பது ஜெல்தான்.

பழியை முழுக்க ஃபில்லர் மேல் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். தைராய்டு கோளாறு, சிறுநீரகக் கோளாறு, நாள்பட்ட மூக்கு அலர்ஜி இவற்றிலும் காலையில் கண்ணடி வீங்கும். கணுக்காலும் வீங்குகிறதா, சிறுநீரில் நுரை நிற்கிறதா, கண் பிதுங்கினாற்போலத் தெரிகிறதா, எப்போதாவது இரட்டையாகத் தெரிகிறதா என்று கவனியுங்கள். தைராய்டு ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் ஒருமுறை செய்துவிடுங்கள். ஃபில்லரைக் கரைத்தபின் வீக்கம் அப்படியே இருந்து, அதற்கப்புறம் தைராய்டு என்று தெரியவந்தால் கஷ்டம்.

இப்போது கரைக்கும் ஊசிக்கு வருவோம். அதன் பெயர் ஹயலூரோனிடேஸ். ஹயலூரானிக் அமிலத்தை வெட்டிச் சிதைக்கும் நொதி. புதிதாக முளைத்த மருந்து இல்லை. 1920-களின் இறுதியிலேயே இதன் வேலை கண்டறியப்பட்டது. கண் அறுவைச் சிகிச்சையில், கண்ணை மரத்துப்போக வைக்கும் மருந்து நன்றாகப் பரவ வேண்டும் என்பதற்காக இதைக் கலந்து போடுவது நெடுநாள் வழக்கம். ஆகவே கண் மருத்துவர்களுக்கு இது பழகிய மருந்து. ஃபில்லரைக் கரைக்கப் பயன்படுத்துவது மட்டும் மருந்தின் லேபிளில் எழுதப்படாத உபயோகம். உலகம் முழுக்க அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். சம்மதப் படிவத்தில் அந்த வரி இருந்தால் மிரள வேண்டாம்.

தோழி சொன்னதில் பாதி உண்மை. இந்த நொதிக்கு நம்முடைய அமிலம், ஊசியில் வந்த அமிலம் என்ற பேதம் தெரியாது. இரண்டையும் வெட்டும். ஆனால் நம் உடம்பில் இருக்கும் ஹயலூரானிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தினமும் அழிந்து புதிதாக உற்பத்தியாகிறது. அதனால் இழந்ததைத் தோல் மீண்டும் செய்துகொள்ளும். தோலுக்கு உறுதி தரும் கொலாஜனை இந்த நொதி தொடுவதில்லை. அப்படியானால் சிலர் ஏன் 'கரைத்தபின் முகம் வயதாகிவிட்டது' என்கிறார்கள்? இரண்டு வருடம் நீர் கோத்து விரிந்திருந்த தோல் திடீரென்று வெறுமையாகிறது. பழைய குழியும் திரும்பி வருகிறது. அந்தக் குழிக்கும் இப்போது இரண்டு வயது கூடியிருக்கிறது. கண்ணாடியில் அது அதிர்ச்சியாகத்தான் இருக்கும். முதல் சில வாரங்களில் இது மோசமாகத் தெரிந்து, பிறகு படிப்படியாக இறுகும். இதைத் தாண்டியும் மாற்றம் நிலைத்துவிட்டதாகச் சொல்பவர்கள் உண்டு. அவர்களை நான் பொய் சொல்கிறார்கள் என்று ஒதுக்குவதில்லை. பெரிய டோஸை ஒரே நாளில் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊசிக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது, உள்ளே இருப்பது என்ன என்பது. போட்ட இடத்தில் பொருளின் பெயர், பேட்ச் எண், எவ்வளவு, எந்தத் தேதியில் போட்டார்கள் என்று எழுதி வாங்குங்கள். அது உங்கள் மருத்துவக் குறிப்பு, கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஹயலூரானிக் அமிலம் இல்லாத ஃபில்லர்கள் இருக்கின்றன. கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட், பாலி லாக்டிக் அமிலம், சிலிகான் போன்றவை. இவற்றில் எதையும் இந்த ஊசி கரைக்காது. உடம்பின் வேறு இடத்திலிருந்து கொழுப்பை எடுத்து ஏற்றியிருந்தாலும் கரையாது. அதற்கெல்லாம் வழி வேறு, சில சமயம் அறுவைச் சிகிச்சைதான். விவரம் கிடைக்காவிட்டால், தோலுக்கான நுண் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் ஜெல் எந்த ஆழத்தில், எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்று பார்க்கலாம். அதைப் பார்த்துக்கொண்டே ஊசி போடுகிற டாக்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

தேனீ அல்லது குளவி கொட்டி எப்போதாவது உடம்பு தடித்து, மூச்சு முட்டியிருக்கிறதா? கட்டாயம் சொல்லுங்கள். அந்த விஷத்திலும் இதே வகை நொதி இருக்கிறது. கடும் அலர்ஜி அபூர்வம்தான், ஆனாலும் அவசரமில்லாத உங்களைப் போன்றவர்களுக்கு முன்கையில் ஒரு துளி போட்டுச் சோதித்துவிட்டுத் தொடங்குவதே என் பழக்கம். கர்ப்பமாக இருந்தால் தள்ளிப்போடுங்கள். ஸ்டீராய்டு, அலர்ஜி மாத்திரை, ஆஸ்பிரின் போன்றவற்றை அதிக அளவில் எடுப்பவர்களுக்கு இந்த நொதி மந்தமாக வேலை செய்யக்கூடும். எடுக்கும் மாத்திரைகளைச் சொன்னால் போதும், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

ஊசி போடுவது ஐந்து பத்து நிமிட வேலை. மருந்து உள்ளே போகும்போது சுருக்கென்று எரியும், ஒரு நிமிடத்தில் அடங்கும். முடிந்ததும் அரை மணி நேரமாவது அங்கேயே இருங்கள். அன்று மாலை முன்பைவிட அதிகமாக வீங்கித் தெரிந்தால் பயப்படாதீர்கள், அது ஊசியின் வீக்கம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மிச்சம் இருந்தால் இன்னொரு முறை. இரண்டு வருடமாகக் கிடக்கும் ஜெல் ஒரே தடவையில் முழுதாகப் போகாமல் இருப்பது சகஜம். முக்கியமான நிகழ்ச்சி ஏதாவது அடுத்த வாரம் இருந்தால், அதை முடித்துவிட்டு வாருங்கள்.

இணையத்தில் இந்த மருந்தை வாங்கித் தாங்களே குத்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்கு அருகில், அலர்ஜி வந்தால் காப்பாற்ற ஆளில்லாத இடத்தில்! அதைவிட அந்த வீக்கத்தோடே இருந்துவிடலாம். சூடு வைப்பது, ரோலரால் உருட்டுவது, விடாமல் மசாஜ் செய்வது எதுவும் இரண்டு வருட ஜெல்லைக் கரைக்காது.

இதே பிரச்சினை உள்ள மற்ற வாசகர்களுக்காகச் சில வரிகள். ஃபில்லர் போட்ட முதல் இரண்டு வாரங்களில் தெரியும் சிறு மேடு, ரத்தக்கட்டு பெரும்பாலும் தானே அடங்கும், அவசரப்பட்டுக் கரைக்க வேண்டியதில்லை. மாதங்கள் கழித்து ஓர் இடம் சிவந்து, சூடாகி, தொட்டால் வலித்தால் கதையே வேறு. கிருமித்தொற்றாக இருக்கலாம். அதற்கு முதலில் ஆன்டிபயாடிக், அதை அடக்கிய பிறகுதான் கரைப்பதைப் பற்றிப் பேச்சு. தொற்று இருக்கும் இடத்தில் நொதியை ஏற்றினால் அது பரவ நாமே வழிவிட்டதுபோல் ஆகும்.

ஃபில்லர் போட்ட உடனே, அல்லது சில மணி நேரத்தில், தாங்க முடியாத வலி, தோல் வெளுப்பது, வலை போட்டதுபோல் ஊதா நிறம் படர்வது, பார்வை மங்குவது, இமை தொங்குவது, இரட்டையாகத் தெரிவது இவற்றில் எது வந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஜெல் ரத்தக்குழாயை அடைத்திருக்கலாம். மூக்கோரத்து ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு இணைந்தவை. விழித்திரை ரத்தம் இல்லாமல் தாக்குப்பிடிப்பது நிமிடக் கணக்கில்தான். போட்டவருக்கு உடனே தெரிவித்துவிட்டு, நேராகக் கண் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே 'அலர்ஜி சோதனை செய்துவிட்டு' என்று காத்திருக்கும் பேச்சே கிடையாது.

உங்கள் விஷயத்துக்குத் திரும்புகிறேன். கரைத்தபின் மறுபடி போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் கேட்பீர்கள். அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது, முதலில் இருந்த கருவளையம் எந்த வகை என்பது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக நின்று கண்ணாடியைப் பாருங்கள். மேலே விளக்கு எரியும்போது கறுத்துத் தெரிந்து, நேர் வெளிச்சத்தில் மறைந்தால் அது குழியின் நிழல். எந்த வெளிச்சத்திலும் பழுப்பாகவே இருந்தால் தோலின் நிறமி. தோலை விரலால் மெல்ல இழுக்கும்போது ஊதாவாகத் தெரிந்தால் அடியில் இருக்கும் ரத்தக்குழாய்களும் தசையும். குழிக்கு மேலே தசைப்பிண்டம்போல் பிதுங்கியிருந்தால் அது கண்ணைச் சுற்றிய கொழுப்பு முன்னே தள்ளிவந்தது. ஃபில்லரால் பிரயோசனம் முதல் வகைக்குத்தான், அதுவும் தோல் ஓரளவு தடிமனாக, வீங்கும் சுபாவம் இல்லாதவர்களுக்கு. நிறமிக்கு ஃபில்லர் போட்டால் கறுப்பும் போகாது, மேடும் வந்து சேரும். கொழுப்புப் பிதுக்கத்துக்கு, இமையின் உட்புறமாகவே கீறி அந்தக் கொழுப்பைக் குழிக்குள் நகர்த்தி வைக்கும் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. ஒருமுறை செய்தால் பல வருடம் கவலையில்லை.

கண்ணுக்குக் கீழே போடுவதற்கென்றே ஒரு ஃபில்லருக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முதன்முதலில் அனுமதி கொடுத்ததே 2022-இல்தான். அதுவரை அமெரிக்காவில் அந்த இடத்தில் போட்டதெல்லாம் டாக்டரின் சொந்தப் பொறுப்பில் போட்டது. அவ்வளவு யோசிக்க வேண்டிய இடம் இது. உங்களுக்கு ஒருமுறை நீர் கோத்துவிட்டது, அடுத்த முறையும் கோக்க வாய்ப்பு அதிகம். என்னிடம் வந்தால், மறுபடி போட மாட்டேன் என்றுதான் சொல்வேன். வேறொருவர் போடச் சம்மதித்தாலும், கரைத்தபின் இரண்டு மூன்று மாதமாவது போகட்டும். தோல் எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்காமல் அளவு தீர்மானிக்க முடியாது. அந்த இடைவெளியில் தங்கள் பழைய முகத்தோடு சமாதானமாகி, 'இதுவே போதும் டாக்டர்' என்று போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கண் இமைச் சீரமைப்பில் பயிற்சி பெற்ற கண் மருத்துவரையோ, கரைப்பதில் அனுபவமுள்ள தோல் மருத்துவரையோ பாருங்கள். போகும்போது ஃபில்லர் போடுவதற்கு முந்தைய பழைய புகைப்படங்கள் இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்த கையோடு, முகம் கழுவும் முன், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த படம் ஒன்றும் வேண்டும். மாலையில் பார்க்கும் டாக்டருக்கு உங்கள் காலை வீக்கம் தெரியவே தெரியாது.