சினிமாவில் கேட்கும் பறவை, விலங்குச் சத்தங்கள் உண்மையானவைதானா?

சத்தம் உண்மைதான். ஆனால் பல நேரம் அது திரையில் தெரியும் உயிரினத்தின் சத்தமாக இருக்காது, அந்த ஊர்ச் சத்தமாகவும் இருக்காது.

ஹாலிவுட் படங்களில் வெண்தலைக் கழுகு வட்டமிடும்போது நீளமாக ஒரு வீறிடல் கேட்குமே, அது பெரும்பாலும் செவ்வால் பருந்தின் குரல். அந்தக் கழுகின் சொந்தக் குரல் கீச்சுக் கீச்சென்று மெலிந்திருக்கும். உருவத்துக்குப் பொருந்தாததால் குரலை மாற்றிவிட்டார்கள். பழைய டார்ஜான் படங்களில் ஆப்பிரிக்கக் காட்டுக்குள் சிரிப்பதுபோலக் கத்துவது ஆஸ்திரேலியாவின் கூக்கபரா. தவளைக் கதை இன்னும் சுவாரசியம். ஆங்கிலத்தில் தவளை 'ரிபிட்' என்று கத்துவதாகக் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். அப்படிக் கத்துவது வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும், இரண்டு அங்குலம்கூடத் தாண்டாத பசிபிக் மரத்தவளை. ஹாலிவுட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த தவளை அதுதான். அதைப் பதிவு செய்து எல்லா நாட்டுக் காட்சிகளிலும் போட்டார்கள். உலகத் தவளைகளுக்கெல்லாம் அதுவே குரலாகிவிட்டது.

நம்மூரில் இதற்கு டப்பிங்கும் ஒரு காரணம். படப்பிடிப்பில் பதிவாகும் ஒலி, பிறகு நடிகர் வாயசைவுக்கு ஏற்றபடி பேச ஒரு வழிகாட்டி மட்டுமே. டப்பிங் முடிந்ததும் அதைக் கழித்துவிடுவார்கள். அதோடு அந்த இடத்துக் காற்று, காக்கை, தூரத்து பம்புசெட் எல்லாம் போய்விடும். காலடி, வளையல் சத்தங்களை ஃபோலி கலைஞர்கள் ஸ்டுடியோவில் மறுபடி உருவாக்குகிறார்கள். அது அருமையான கலை, அதில் எனக்குக் குறையே இல்லை. பின்னணி இயற்கைச் சத்தம்தான் எங்கோ யாரோ பதிவு செய்த தொகுப்பிலிருந்து வந்து உட்காருகிறது. 2009இல் ஆஸ்கர் வென்ற ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டி போன்றவர்கள் நேரடி ஒலிப்பதிவுக்காக இவ்வளவு வாதாடுவது இதனால்தான்.

பேய்ப் படத்து ஆந்தையைக் கவனியுங்கள். 'ஹூ... ஹூ...' என்று நிதானமாக ஊதும். நம் கிராமங்களில் அதிகம் தென்படும் புள்ளி ஆந்தை அப்படிக் கத்தாது. சாயங்காலம் பழைய புளியமரப் பொந்திலிருந்து ஜோடியாக வெளியே வந்து, கரகரவென்று சண்டை போடுவதுபோல இரைச்சலிடும். பள்ளியில் ஒலி மரபு படித்தோமே: ஆந்தை அலறும், கூகை குழறும், மயில் அகவும், புறா குனுகும். அதை எழுதியவர்கள் மரத்தடியில் நின்று கேட்டிருக்கிறார்கள். இவ்வளவு நுணுக்கமாகக் காது கொடுத்த மொழியில் எடுக்கும் படத்தில் எல்லா ஆந்தையும் ஒரே மாதிரி கத்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

குறும்படம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஷாட் முடிந்ததும் எல்லோரையும் இரண்டு நிமிடம் பேசாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்துவிடுங்கள். முடிந்தால் விடிகாலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை. காற்றடித்தால் மைக்குக்கு உறை போட மறக்காதீர்கள்.